பார்டரில் நிற்கும் சர்க்கரை: சென்னை ஆய்வுகள் கண்டது என்ன?

ஃபாஸ்டிங் 108, ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண்) 5.9. லேப் ரிப்போர்ட்டில் இந்த இரண்டு எண்களும் தடித்த எழுத்தில் இருக்கும். டாக்டர் பார்த்துவிட்டு, "பார்டர்லதான் இருக்கு, இனிப்பைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பார். வீட்டுக்கு வந்து "சுகர் இல்லையாம்" என்று சொல்லி, அந்தத் தாளை பீரோவில் வைத்துவிடுவோம். அது மறுபடி வெளியே வருவது பெரும்பாலும் சில வருடம் கழித்து, கண் ஆபரேஷனுக்கோ குடலிறக்கத்துக்கோ ரத்தம் கொடுத்து, ரிசல்ட் 210 என்று வரும்போதுதான்.

அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்பதைச் சென்னையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2001-இல் தொடங்கிய 'க்யூர்ஸ்' என்ற பெரிய ஆய்வு அது. ஏறத்தாழ பத்தாண்டு கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். முடிவு 2015-இல் வெளிவந்தது. முதல் சோதனையில் நீரிழிவு முன்நிலையில், அதாவது பார்டரில், இருந்தவர்களில் 58.9 சதவீதம் பேர் நீரிழிவுக்காரர்களாக ஆகியிருந்தார்கள். முதல் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தவர்களிலும் 45 சதவீதம் பேர் முன்நிலைக்கோ நீரிழிவுக்கோ வந்திருந்தார்கள். பத்துப் பேரில் ஆறு பேர் தாண்டிப் போகிற ஒரு நிலையை 'ஒன்றுமில்லை' என்ற கணக்கில் சேர்க்க முடியாது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பு) ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, முன்நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. தமிழ்நாட்டின் கணக்கு இதற்கு நேர்மாறாக நிற்கிறது. இங்கே நீரிழிவு 14.4 சதவீதம், முன்நிலை 10.2 சதவீதம். உத்தரப் பிரதேசத்தில் நீரிழிவு 4.8 சதவீதம்தான், ஆனால் முன்நிலை 18 சதவீதம். முன்நிலைக்காரர்கள் இங்கே குறைவு என்று சந்தோஷப்படுவதற்கில்லை. நம்மில் பலர் ஏற்கெனவே கோட்டைத் தாண்டிவிட்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வருவது ஏன்? 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரே பக்கத்தில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லிதான். ஆனால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். அதே எடை-உயரக் கணக்கு, உள்ளே இருக்கிற சரக்கு வேறு. இது பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதும் யாக்னிக்கின் ஆய்வுதான். புனேயில் பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குக் குறைவாக இருந்தது தசையும் மற்ற உறுப்புகளும். தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. அதனால்தான் வெளிநாட்டில் பிஎம்ஐ 25 வரை சரி என்றால் இந்தியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது.

தசை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். வாங்குகிற இடம் சிறியது, அதிலும் கொழுப்பு படிந்திருந்தால், கணையம் அதிக இன்சுலினை ஊற்றித்தான் அதே வேலையைச் செய்ய வேண்டும். பல வருடம் அது சலிக்காமல் செய்யும். ரிப்போர்ட்டும் நார்மல் என்றே வரும். பிறகு இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் தளர ஆரம்பிக்கும். தெற்காசியர்களிடம் இந்தத் தளர்ச்சி முன்கூட்டியே, முன்நிலையிலேயே தெரிகிறது என்று சென்னையில் எடுத்த அளவீடுகள் காட்டின. ஆக, ரிப்போர்ட்டில் 108 என்று வரும் நாள் கதையின் தொடக்கம் அல்ல. கதை பாதி நடந்து முடிந்திருக்கும்.

இதற்கு அறிகுறி என்று ஒன்றும் கிடையாது. அடிக்கடி சிறுநீர், தாகம், எடை இறங்குவது எல்லாம் சர்க்கரை நன்றாக ஏறிய பிறகு வருபவை. கண்ணுக்குத் தெரிவது ஒன்று உண்டு: பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் மாதிரி ஆவது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கு இல்லை, இன்சுலின் அதிகமாக ஓடுவதன் அடையாளம். ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்திருந்தாலும், பெண்களுக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தாலும், பிரசவ காலத்தில் சர்க்கரை இருந்திருந்தாலும் ஒரு சோதனை எடுத்துவிடுவது நல்லது. கடைசியாகச் சொன்னதைத்தான் நம் வீடுகளில் அதிகம் மறக்கிறோம். குழந்தை பிறந்ததும் சுகர் போய்விட்டது என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு சோதனை, அதன் பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று ஆயுசுக்கும் தொடர வேண்டும்.

மற்றவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே வீட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2005-இல் சென்னையில் உருவான இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் அது. நான்கே கேள்வி: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு உண்டா. 100-க்கு 60-ம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம். 42 வயது ஆண், அலுவலக வேலை, உடற்பயிற்சி இல்லை, இடுப்பு 96 செ.மீ., அப்பாவுக்குச் சர்க்கரை என்று வையுங்கள். வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உடலுழைப்பின்மைக்கு 30, அப்பாவுக்கு 10, மொத்தம் 70. இதில் வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது. இடுப்பை 90-க்குக் கீழே கொண்டுவந்தால் 60, தினசரி உடற்பயிற்சியும் சேர்ந்தால் அதற்கும் கீழே. பெண்களுக்கு இடுப்பு வரம்பு 80 செ.மீ. அளக்கும்போது பேண்ட் சைஸை நம்ப வேண்டாம். தொப்பைக்குக் கீழே பெல்ட் போட்டுப் பழகிய ஆண்களுக்கு 34 சைஸ் பேண்டும் இருக்கும், 100 செ.மீ. வயிறும் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப்பைச் சுற்ற வேண்டும்.

இனி சோதனை. எண்கள் இவை: வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை. இவற்றில் எது வந்தாலும் முன்நிலை. இது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவு. உலக சுகாதார அமைப்பு வெறும் வயிற்று அளவுக்கு இன்னும் 110-ஐத்தான் வைத்திருக்கிறது. ஒரே 104-ஐ ஒரு டாக்டர் நார்மல் என்றும் இன்னொருவர் பார்டர் என்றும் சொல்வதற்கு இதுதான் காரணம். யாரும் பொய் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால் இந்த மூன்று சோதனைகளும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை. காலையில் வெறும் வயிற்றில் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, இரவு முழுக்கக் கல்லீரல் வெளியே விட்ட சர்க்கரை. சாப்பிட்ட பிறகு வரும் அளவோ தசை எவ்வளவு வாங்கிக்கொண்டது, கணையம் எவ்வளவு வேகமாக இன்சுலின் விட்டது என்பதன் கணக்கு. கல்லீரல் ஒழுங்காக இருந்து தசை மட்டும் கெட்டிருந்தால், ஃபாஸ்டிங் 94 என்று அழகாக வரும். குளுக்கோஸ் குடித்த பிறகு 170 இருக்கும். ஃபாஸ்டிங் மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள். கீழே வரப்போகிற ஆய்வுகள் காட்டுவதுபோல, நடையும் உணவு மாற்றமும் அதிகம் பலன் தருவதும் இவர்களுக்குத்தான்.

'அதான் ஃபாஸ்டிங்கும் பிபியும் எடுத்தோமே' என்பார்கள். பிபி என்பது இங்கே ரத்த அழுத்தம் அல்ல, சாப்பிட்ட பிறகு எடுக்கும் சர்க்கரை. லேபுக்குப் பக்கத்து ஓட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் கொடுக்கிற ரத்தம், மருந்து சாப்பிடுகிற நீரிழிவுக்காரர்களைக் கண்காணிக்க உதவும். முன்நிலையைக் கண்டுபிடிக்க அது சரியான அளவுகோல் இல்லை. ஒருவர் இரண்டு இட்லி சாப்பிடுவார், ஒருவர் பொங்கல் வடை. அளந்து 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கி ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கும் ஜிடிடி சோதனைதான் துல்லியம். குடிக்கக் குமட்டும், கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும், காய்கறி வாங்க மார்க்கெட்டுக்கு நடந்துபோய் வந்தால் எண் இறங்கிவிடும். முந்தைய மூன்று நாளும் வழக்கம்போலச் சாப்பிட்டிருக்க வேண்டும். டெஸ்ட்டுக்காகச் சோற்றைக் குறைத்துவிட்டுப் போனால் ரிசல்ட் தப்பாகும்.

ஹெச்பிஏ1சி சௌகரியமானது, வெறும் வயிறு வேண்டாம். ஆனால் நம் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருக்கும் நாட்டில் அதைத் தனியாக நம்புவது ஆபத்து. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாக வரும். ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தாலோ, சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ குறைவாக வரும். 5.9 வந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8.5 என்றால், முதலில் இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம் சர்க்கரையைப் பற்றிப் பேசலாம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. வாழ்க்கைமுறையை மாற்றினால் தடுக்க முடியுமா? 2002-இல் அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு முடியும் என்றது: உணவு, உடற்பயிற்சியால் 58 சதவீதம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையால் 31 சதவீதம் குறைவு. ஆனால் அதில் இருந்தவர்களின் சராசரி பிஎம்ஐ 34. இருபது கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமப்பவர்கள் ஏழு சதவீதம் எடை குறைத்தால் பலன் வரும்தான். எடையே அதிகம் இல்லாத நம் ஆட்களுக்கு?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன். குளுக்கோஸ் சோதனையில் முன்நிலை என்று உறுதியான 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். இன்னொன்றுக்கு வாழ்க்கைமுறை மாற்றம். மூன்றாவதற்குக் குறைந்த அளவு மெட்ஃபார்மின். நான்காவதற்கு இரண்டும். சராசரி வயது 46, பிஎம்ஐ 25.8. கேட்டுக்கொண்ட மாற்றம் பெரிதொன்றும் இல்லை: தினம் அரை மணி நேரம் நட, சர்க்கரை, மைதா, எண்ணெய், மொத்தச் சாப்பாடு இவற்றைக் குறை, நார்ச்சத்தைக் கூட்டு. ஏற்கெனவே அரை மணிக்கு மேல் நடப்பவர்களையும் சைக்கிள் மிதிப்பவர்களையும் அதையே தொடரச் சொன்னார்கள். மாதம் ஒரு போன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் சந்திப்பு.

ஏறத்தாழ மூன்றாண்டில், அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. அமெரிக்க ஆய்வில் வெறும் போலி மாத்திரை பெற்ற குழுவுக்கு வந்தது ஆண்டுக்கு 11 சதவீதம். இங்கே ஆண்டுக்குச் சுமார் 18. நம் ஆட்கள் எடை குறைவாக இருந்தும் வேகமாகச் சரிகிறார்கள். வாழ்க்கைமுறை மாற்றிய குழுவில் 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் குழுவில் 40.5, இரண்டும் சேர்ந்த குழுவில் 39.5. நடையோடு மாத்திரையும் சேர்த்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

2006-இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வாழ்க்கைமுறை மாற்றியவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி இறங்கவே இல்லை. ஆனாலும் நோய் குறைந்தது. தராசில் முள் அசையவில்லை என்று இரண்டாவது மாதமே நடையை விட்டுவிடுகிறவர்கள் இங்கே ஏராளம். தசை சர்க்கரையை வாங்கும் திறன், எடை இறங்குவதற்கு முன்பே மாறத் தொடங்குகிறது. தராசு அதைக் காட்டாது. (இதற்காக 92 கிலோக்காரர் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அர்த்தமில்லை. அவருக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம், அதாவது ஐந்தாறு கிலோ குறைவது பெரிய லாபம்.)

அடுத்தடுத்த ஆய்வுகள் இதையே வெவ்வேறு விதத்தில் சோதித்தன. 2013-இல் வெளியான ஒன்றில், வேலைக்குப் போகும் 537 ஆண்களில் பாதிப் பேருக்கு உணவு, நடை பற்றிச் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாண்டில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நீரிழிவு. சாதாரண எஸ்எம்எஸ்! கேரளத்தில் வாக்குச்சாவடிப் பகுதி வாரியாக ஆட்களைப் பிரித்து, ஊர்க்காரர்களையே குழுத் தலைவர்களாக்கி நடத்திய ஆய்வில், இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் (நீரிழிவு வந்தவர்கள் 14.9, 17.1 சதவீதம்) உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. எல்லா முயற்சியும் ஜெயிப்பதில்லை என்பதற்காக இதையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்விலும்கூட, குளுக்கோஸ் குடித்த பிறகான அளவு கூடியிருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது.

2016-இல் வெளியான 'டி-கிளிப்' என்ற சென்னை ஆய்வு இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நூல் தந்தது. 578 பேர். வாராவாரம் குழு வகுப்புகள், தேவைப்பட்டவர்களுக்குப் பிறகு மெட்ஃபார்மின். மூன்றாண்டில் மொத்தமாக 32 சதவீதம் குறைவு. உடைத்துப் பார்த்தால், இரண்டு அளவும் கெட்டவர்களுக்கு 36 சதவீதம், குளுக்கோஸுக்குப் பிறகான அளவு மட்டும் கெட்டவர்களுக்கு 31. ஃபாஸ்டிங் மட்டும் கெட்டவர்களுக்கு வெறும் 12. மேலே சொன்ன கல்லீரல், தசைக் கணக்கு இங்கே பொருந்துகிறது. நடை என்பது தசைக்கான வைத்தியம். இரவெல்லாம் சர்க்கரையை வெளியேற்றுகிற கல்லீரலை அது அவ்வளவாக அசைப்பதில்லை. ஃபாஸ்டிங் மட்டும் 115-இல் நிற்பவர்கள் 'ஒழுங்காக நடந்தும் குறையலையே' என்று நொந்துபோவதைவிட, தொப்பை, கல்லீரல் கொழுப்பு, இரவுச் சாப்பாட்டின் அளவு, குடிப்பழக்கம், தூக்கம் ஆகியவற்றின் பக்கம் டாக்டரோடு சேர்ந்து திரும்பிப் பார்க்கலாம்.

உணவுக்கு வருவோம். எல்லாரும் முதலில் கைவைப்பது இனிப்பில். காபிக்குச் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி போடுவார்கள், அல்லது நாட்டுச் சர்க்கரை, தேன். ரத்தச் சர்க்கரைக்கு இவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் தாதுச்சத்து கூடுதல், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் முப்பது நாற்பது கிராம் சர்க்கரை. அதை நிறுத்துவது நல்லதே. ஆனால் நம் பிரச்சினையின் பெரும்பகுதி சர்க்கரை டப்பாவில் இல்லை, அரிசிப் பானையில் இருக்கிறது.

நம் மதியச் சாப்பாட்டின் அமைப்பைப் பாருங்கள். முதலில் சாம்பாருக்குச் சோறு, பிறகு ரசத்துக்கு, பிறகு மோருக்கு. மூன்று சுற்று. ஓரமாக இரண்டு ஸ்பூன் பொரியல், ஒரு அப்பளம். மூன்று சுற்றும் சேர்ந்து 450 கிராம் சோறு என்றால் அதில் ஏறத்தாழ 125 கிராம் மாவுச்சத்து. லேபில் குமட்டிக்கொண்டு குடிக்கிற குளுக்கோஸ் 75 கிராம்தான். 21 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வு 2020-இல் சொன்னதும் இதுதான்: நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழ் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு அதிகம், அந்தத் தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருந்தது.

அரிசி வேண்டாம் என்றதும் கம்பு, கேழ்வரகு, சப்பாத்தி என்று தாவுவது அடுத்த கட்டம். ஐசிஎம்ஆர்-இந்தியாப் குழு 2025-இல் வெளியிட்ட உணவு ஆய்வு இந்தத் தாவலில் தண்ணீர் தெளிக்கிறது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியைக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் கொஞ்சத்தைப் பருப்பு, பால் பொருள், முட்டை, மீன் போன்ற புரதத்துக்கு விட்டுக்கொடுத்தால் குறைகிறது. மாவாக அரைத்துக் கரைத்துக் குடிக்கிற கேழ்வரகுக் கஞ்சி வேகமாகச் சர்க்கரையை ஏற்றும் என்பதைக் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். நாலு சப்பாத்தியும் அப்படித்தான், இரவில் 'டயட்' என்ற பெயரில் சாப்பிட்டாலும்.

ஆகவே தானியத்தின் பெயரை மாற்றுவதைவிடச் சுற்றுகளைக் குறைப்பது பலன் தரும். சாம்பாருக்கு ஒரு கப் சோறு போதும். சாம்பாரில் பருப்பும் காயும் கெட்டியாக இருக்கட்டும். ரசத்தை டம்ளரில் குடிக்கலாம், மோரையும் அப்படியே. பொரியலும் கூட்டும் தட்டில் பாதியைப் பிடிக்க வேண்டும், அதிலும் உருளைக்கிழங்கையும் சேனையையும் காய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. பொரியலையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலையில் இட்லி என்றால் இரண்டோடு நிறுத்திக்கொண்டு, கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. தோசைக்கும் பொங்கலுக்கும் உப்புமாவுக்கும் இதே விதிதான். மாலை பஜ்ஜி, பிஸ்கட், மிக்சர் இருக்கும் இடத்தில் வேர்க்கடலையோ சுண்டலோ. பழம் சாப்பிடலாம், ஜூஸாக்க வேண்டாம்.

பெரிய தடை நாக்கு இல்லை, வீட்டு ஏற்பாடு என்பது என் எண்ணம். ஒருவருக்காகத் தனியாகச் சமைக்க முடியாது. சமைப்பவர் பெண்ணாக இருந்து அவருக்கே முன்நிலை என்றால், எல்லாருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிறவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சோறுதான், காய் இல்லை. வீடு முழுக்கக் காயைக் கூட்டி அரிசியைக் குறைத்தால்தான் இது நிலைக்கும். குடும்பத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் பிள்ளைகளும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பாகற்காய் ஜூஸ், வெந்தயம், சிறுகுறிஞ்சான் பொடி பற்றிக் கேட்பீர்கள். வெந்தயத்தில் நார்ச்சத்து உண்டு, கெடுதலில்லை. மூன்று சுற்றுச் சோற்றுக்கு அது ஈடாகாது.

நடையில் இரண்டு விஷயம். வாரம் 150 நிமிடம் என்பது பொது இலக்கு. தினம் அரை மணி, ஐந்து நாள். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரை ஏறும் நேரத்திலேயே தசையை வேலைவாங்குகிறது. அசையும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், கணையத்துக்கும் அந்த நேரம் ஓய்வு. கூடவே வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, மாடிப்படி, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது. பிறவியிலேயே தசை குறைவாகக் கொண்டுவந்த நமக்கு இது நடையைவிட ஒருபடி மேல் என்றுகூடச் சொல்வேன்.

தமிழ்நாடு அரசு 2023-இல் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தேவை, வீட்டு வாசலிலிருந்து இரவு எட்டு மணிக்குப் பயமில்லாமல் கால் மணி நேரம் நடக்க ஒரு தெரு. நடைமேடையில் பைக் நிற்கிறது, முனையில் நாய் நிற்கிறது. பெண்கள் மொட்டை மாடியில் வட்டமடிக்கிறார்கள். மொட்டை மாடியும் நடைதான், தசைக்கு இடம் தெரியாது.

முன்நிலை என்ற முத்திரையையே எதிர்ப்பவர்களும் உண்டு, அவர்கள் வாதத்தையும் கேட்க வேண்டும். அந்த லான்செட் படத்தில் ஒல்லியாக நின்ற ஜான் யூட்கின், 2014-இல் அமெரிக்க மருத்துவர் விக்டர் மோன்டோரியுடன் சேர்ந்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைக் கடுமையாக விமர்சித்தார். அளவைத் தளர்த்திக்கொண்டே போனால் பாதி ஊரே நோயாளியாகிவிடும். ஆட்களுக்கு முத்திரை குத்துவதற்குப் பதில் எல்லாருக்குமான உணவையும் சூழலையும் மாற்றுங்கள் என்பது அவர்கள் கட்சி. முதியவர்கள் விஷயத்தில் இது சரி. அமெரிக்காவில் சராசரியாக 75 வயதானவர்களைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில், முன்நிலையில் இருந்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே ஆறரை ஆண்டில் நீரிழிவு வந்தது. அதைவிட அதிகம் பேர் நார்மலுக்குத் திரும்பினார்கள். 76 வயதுப் பாட்டிக்கு 5.8 வந்ததற்காக ஒரு துண்டு மாம்பழத்தைப் பிடுங்க வேண்டியதில்லை. 35 வயதில் அதே 5.8 வந்தவரின் கதை வேறு. அவருக்கு முன்னால் நாற்பது வருடம் இருக்கிறது, சென்னையின் 58.9 சதவீதமும் இருக்கிறது.

சீனாவின் டாசிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வு இந்த நீண்ட கணக்கைக் காட்டுகிறது. 577 பேர், ஆறே ஆண்டு உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல். முப்பது வருடம் கழித்துப் பார்த்தபோது, வழிகாட்டப்பட்டவர்களுக்கு நீரிழிவு சராசரியாக நாலு வருடம் தள்ளிப்போயிருந்தது; இதய, ரத்தநாள நோய்ச் சாவுகளும் குறைந்திருந்தன. பலருக்கு நீரிழிவு கடைசியில் வந்தேவிட்டது, ஆனால் தாமதமாக வந்தது. கண்ணும் சிறுநீரகமும் பழுதாவது சர்க்கரையோடு வாழ்கிற ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், நாலு வருடம் சின்ன விஷயமில்லை.

மாத்திரை தேவையா என்பதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். வயது குறைவு, உடல் பருமன், பிரசவ காலச் சர்க்கரை இருந்த பெண், அல்லது ஆறு மாதம் ஒழுங்காக முயன்றும் எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் மெட்ஃபார்மின் பரிசீலிக்கப்படும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைப் பாதி வாங்கிப் போடுகிற வேலை வேண்டாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்கும் மருந்து இல்லை அது, நீண்ட காலம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மறுபரிசோதனையை அதே முறையில் எடுங்கள். முதலில் ஜிடிடி எடுத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி ஜிடிடி. ஒரு தடவை ஹெச்பிஏ1சி, மறு தடவை வீட்டு மீட்டரில் விரல் குத்தல் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் முன்னேற்றமா பின்னேற்றமா என்று தெரியாது. கூடவே ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும். எண்கள் நார்மலுக்குத் திரும்பிவிட்டால் அது வெறும் தாள் வெற்றி அல்ல: முதலில் சொன்ன 3,234 பேர் அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரே ஒருமுறையாவது நார்மலைத் தொட்டவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் ஆபத்து, தொடாதவர்களைவிட 56 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களும் வருடம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும்.